எங்கிருந்து பேசறீங்க

சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. கிருபாசங்கர் அதைக் காந்திபுரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கி வந்து, என் மேசைமேல் டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்து, ஒயரைச் செருகி, "புவனாக்கா, இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் அவர் நுழைவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. போன் அடித்தது. பெட்டியின் சாம்பல் நிறத் திரையில் அந்தப் பூத்தின் எண் வந்து நின்றது. நான் ரிசீவரை எடுத்து அந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிக்குள் அவர் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். இருபத்தாறு வயது, இன்ஜினியரிங் படித்த முதலாளி மகன், பள்ளிக்கூடம் லீவு விட்ட பையன் மாதிரி குதித்தது எங்கள் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. நானும்தான் கைதட்டினேன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். எங்கள் கம்பெனி கணபதியில் இருந்தது. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்களைச் செய்து விற்பதும், கெட்டுப்போனால் ஆள் அனுப்பிச் சரி செய்து கொடுப்பதும் தொழில். கிருபாசங்கரின் அப்பா அரங்கசாமிதான் முதலாளி. நான் டைப் அடிப்பேன், போன் எடுப்பேன், சர்வீஸ் கார்டுகளைப் பிரித்து மெக்கானிக்குகளிடம் கொடுப்பேன். தம்பிதுரை, ரசாக், கதிரேசன் என்று மூன்று மெக்கானிக்குகள். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் வரைக்கும் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். இது கிருபாசங்கருக்குப் பொறுக்கவில்லை. ஏற்கனவே ஆளுக்கொரு பேஜர் வாங்கி இடுப்பில் மாட்டிவிட்டிருந்தார். பெட்டி வந்ததும் சட்டம் முழுமையானது. நான் பேஜர் சென்டருக்குப் போன் செய்து, 'ஆபீசைக் கூப்பிடவும்' என்று செய்தி கொடுக்க வேண்டும். மெக்கானிக் கால் மணி நேரத்துக்குள், வேலை நடக்கும் தோட்டத்து வீட்டின் டெலிபோனிலிருந்தே கூப்பிட வேண்டும். பெட்டியில் வரும் எண்ணும் கார்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் நோட்டில் நீல மையில் டிக். இல்லாவிட்டால் எந்த எண், எந்த ஏரியா என்று சிவப்பு மையில் எழுத வேண்டும். போன் இல்லாத தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு.

சொன்னால் வெட்கக்கேடு, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முதல் இரண்டு எண்களைப் பார்த்ததும் இது இடிகரை, இது கோவில்பாளையம், இது வடவள்ளி என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கொஞ்ச நாளில் பூத்துகளே அத்துப்படி ஆகிவிட்டன. தம்பிதுரை ஒருநாள், "மோட்டார வெளிய எடுத்துட்டு இருக்கறனுங்க, மூச்சு உட நேரமில்லீங்க" என்றார். பெட்டியில் இருந்தது அவருடைய மாமியார் வீட்டு எண். பின்னால் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு ஆபீசே சிரித்தது, தம்பிதுரையும் சேர்ந்து சிரித்தார். முப்பத்து நான்கு வயதில், வீட்டில் மாமனார் காப்பி குடித்துவிட்டாரா என்பதைத் தவிர வேறெதையும் தெரிந்துகொள்ள வேண்டியிராத ஒருத்திக்கு, மூன்று ஆண்பிள்ளைகள் எந்த நிமிடம் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிவது எவ்வளவு பெரிய கிறுக்கு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கதிரேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதிருக்கும். ஐ.டி.ஐ. முடித்தவர். எங்களிடம் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எழுநூறு அடி ஆழத்தில் மோட்டார் சிக்கிக்கொண்டால், குழாயின் மேல் கையை வைத்துப் பார்த்தே எங்கே மாட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். தினமும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் ஆபீசுக்கு வருவார், வேலைக்கான அழுக்குச் சட்டை பையில் மடித்து இருக்கும். அவர் வேலைக்குச் சேர வந்த அன்று முதலாளி கேட்டதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, சொந்த ஊரு எதுங்க?"

"உடுமலைக்குத் தெக்கங்க."

"அங்கெல்லாம் நம்ம ஆளுக ரொம்ப இருக்கறாங்களே."

"ஆமாங்க, நெறைய இருக்கறாங்க."

முதலாளி திருப்தியாகத் தலையாட்டினார். எங்கள் ஆட்கள் வழக்கமாக அதோடு விடமாட்டார்கள். என்ன கூட்டம், எந்தக் குலக்கோயில், பெண் எடுத்தது எங்கே என்று நூல் பிடித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஏதாவது ஒரு உறவுமுறையில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு ஈரோட்டிலிருந்து டீலர் ஒருவர் வந்து காத்திருந்தார், முதலாளிக்கு நேரமில்லை. ஒரு டீலரின் அவசரத்தில் கதிரேசனுக்கு மூன்று வருடம் கிடைத்தது.

அந்த மூன்று வருடத்தில் ஒரு வீடும் கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்தவள் நான். முதலாளிக்கு அக்கா முறையாகும் ராசாத்தாள் அத்தைக்குத் துடியலூரில் வரிசையாக மூன்று வீடுகள். ஒன்றில் அத்தை குடியிருந்தார், மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டிருந்தார். தண்ணீருக்கு மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். "ஆளு எப்படி கண்ணு?" என்று அத்தை என்னைக் கேட்டார். "நம்ம பையன்தானுங்க அத்தை" என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் அப்படித்தான் பழகியிருந்தது. கதிரேசன் மனைவியோடும் குழந்தையோடும் குடி போனார். அந்தக் குழந்தை இளவேனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அத்தைக்கு அவள்மேல் உயிர். சந்தகை பிழிகிற அன்றெல்லாம் அவளைத் தன் அடுப்படியில் உட்காரவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி ஊட்டிவிடுவார் என்று கதிரேசன் ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பெட்டி வந்த பிறகு நோட்டில் மற்ற இருவரின் பக்கங்களும் பெரும்பாலும் நீலமாக இருந்தன. ரசாக்குக்குச் சில வீடுகளில் டெலிபோனை ஜன்னல் வழியாக வெளியே நீட்டுவார்கள், பேசிவிடுவார். கதிரேசனின் பக்கம் மட்டும் சிவப்பாக ஆனது. கோவில்பாளையத்தில் வேலை என்றால் இரண்டு மைல் தள்ளி ஒரு பேக்கரி பூத்திலிருந்து கூப்பிடுவார். இடிகரையில் வேலை என்றால் மெயின் ரோட்டிலிருந்து. கால் மணி நேரம் என்பது அரைமணி ஆகும். காலையில் கார்டுகளைப் பரப்பும்போது போன் எண் எழுதாத கார்டுகளை அவர் முந்திக்கொண்டு எடுப்பதைக் கவனித்தேன். எல்லாம் வழி மோசமான, டீக்குக்கூட ஆளில்லாத தோட்டங்கள். மற்றவர்கள் தள்ளிவிடும் கார்டுகள் அவை.

ஒருநாள் மத்தியானம் பட்டறைக்குப் பின்னால் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"ஒரு போன் பண்றதுக்கு என்னங்க கதிரேசன் கஷ்டம்? வேலை செய்யற ஊட்டுலயே இருக்குதே."

"போன் ஊட்டுக்குள்ள இருக்குதுங்க மேடம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் போசியைத் துடைத்து மூடினார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கெணத்து மேட்டுல நிக்கற வரைக்கும் நான் மெக்கானிக்குங்க. உள்ள கால் வெக்கோணும்னா மொதல்ல கேப்பாங்க. இங்க மாதர ஆமாங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுங்க. பொய் சொல்லி உள்ள போயிட்டு அப்பறம் தெரிஞ்சா என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததில்லீங்க. நெசத்தச் சொன்னா அன்னைக்கு ராத்திரியே நம்ம முதலாளிக்கு போன் வந்துரும். அதுக்கு ரெண்டு மைல் வண்டி ஓட்டறது சுலுவுங்க."

அவருடைய ஊரில் அவர் வீடு ஊருக்குள் இல்லை, தள்ளி இருந்தது. அவர் அப்பா சின்னான் எங்களைப் போன்ற ஒரு குடும்பத்தின் தோட்டத்தில் பண்ணையாளாகவே இருந்து செத்தவர். இதையெல்லாம் அவர் அன்றைக்கு இரண்டு மூன்று வாக்கியங்களில், கார்டில் இருக்கும் விவரத்தைப் படிக்கிற மாதிரி சொன்னார். என் தலைக்குள் முதலில் ஓடியது எது என்று கேட்டால், ராசாத்தாள் அத்தையின் அடுப்படிதான். அவர்மேல் இரக்கம் வருவதற்கு முன்னால் அது ஓடியது. என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்ள வேண்டியதில் இதுவும் ஒன்று.

"நோட்டுல செவப்பாவே இருக்கட்டுங்க" என்றார். "இத மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன்.

இரண்டு மாதத்தில் இருபத்து மூன்று சிவப்பு. கிருபாசங்கர் அதை வரைபடமாகவே போட்டுவிட்டார். அவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. கதிரேசன் கம்பெனி நேரத்தில், கம்பெனியின் சங்கிலியையும் கப்பியையும் வைத்துக்கொண்டு, வெளியே சொந்தமாக வேலை பிடித்துச் செய்கிறார். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரையும் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. அவர் வாயில் மரியாதை குறைந்து நான் கேட்டதில்லை.

"எந்தெந்த ஊட்டுல வேலை செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லிருங்க தம்பி. போலீசு அது இதுன்னு நமக்குள்ள எதுக்குங்க."

கதிரேசன் நின்றுகொண்டிருந்தார். சட்டை கலையாமல் இருந்தது.

"தப்புத்தானுங்க" என்றார். "நான் நின்னுக்கறனுங்க."

செய்யாத திருட்டை ஒரு மனிதர் கூசாமல் ஒப்புக்கொண்டார். அந்த நிமிடம் நான் என்னைப் பெரிய நியாயவாதியாக நினைத்துக்கொண்டேன். வாக்குக் கொடுத்தது ஞாபகம் இருந்தது, அதைவிட இது பெரியது என்று தோன்றியது.

"அவரு எங்கயும் போகலீங்க" என்றேன். "தோட்டத்து ஊட்டுக்குள்ள அவர உடமாட்டாங்க. போன் பேச உள்ள போக முடியாதுங்க, அதனாலதான்."

"ஏன் உடமாட்டாங்க?" என்று கிருபாசங்கர் கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. தம்பிதுரை தரையைப் பார்த்தார். ரசாக் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏன் இப்படிச் செய்தாய் என்பது போல. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். குரல் மிகவும் கனிவாக இருந்தது. "நீ போ, போயி வேலையப் பாரு. ஒண்ணும் நெனச்சுக்காத."

மூன்று வருடம் 'வாங்க தம்பி' என்று சொன்ன வாய் அரை நிமிடத்தில், அவருடைய அப்பா மாதிரியான பண்ணையாளிடம் பேசுகிற வாயாக மாறியதை அந்த அறையில் எல்லோரும் கேட்டோம். நான் கதிரேசனைப் பார்த்தேன். நன்றியோடு பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு பட்டறைக்குப் போனார்.

யாரும் அவரைத் திட்டவில்லை, அவமானப்படுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாமே மரியாதையாகத்தான் நடக்கும். திங்கட்கிழமை கிருபாசங்கர் என்னிடம் வந்து, சிவப்பையெல்லாம் அடித்துவிட்டு நீலத்தில் டிக் போடச் சொன்னார். இருபத்து மூன்று டிக் போட்டேன். கதிரேசன் இனிமேல் வெளியே போய் அலைய வேண்டாம், பட்டறையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றட்டும் என்று முதலாளி ஏற்பாடு செய்தார். அதுவரைக்கும் எங்களுக்குப் பதினோரு மணி டீ மாடியில் முதலாளி வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களில் வரும். அந்த வாரத்திலிருந்து எல்லோருக்கும் கடை டீ. ஒருவரை மட்டும் பிரித்துவைத்தால் தப்பாகிவிடும் என்று எல்லோருக்கும் நிறுத்திவிட்டார்கள். குறை சொல்ல எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன், இல்லை.

வியாழக்கிழமை ராசாத்தாள் அத்தை ஆபீசுக்கு வந்தார். மாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, நம்ம பையன்னு நீ சொல்லித்தான ஊட்ட உட்டேன். அந்தப் புள்ளைய அடுப்படி வரைக்கும் உட்டுப்போட்டனே."

"நல்ல மனுசருங்க அத்தை."

"நான் கெட்டவன்னு சொன்னனா? மொதல்லயே சொல்லியிருந்தா கடிச்சா தின்னுருவேன்? பொறத்தால தனியா ஒரு ரூமு கெடக்குது, அதக் குடுத்திருப்பேன். புள்ளையக் கொண்டாந்து என்ர அடுப்புக்கிட்ட உக்கார வெச்சு வேடிக்கை பாத்துப்போட்டாங்களே."

பெங்களூரிலிருந்து மகன் வருகிறான், வீடு வேண்டும் என்று கதிரேசனிடம் சொல்லிவிட்டாராம். மகன் வரவில்லை. அடுப்படிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரம்மா பிற்பாடு சொன்னார். இளவேனிலுக்குப் பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. முடிகிற வரைக்கும் பொறுங்கள் என்று கதிரேசன் கேட்டிருக்கிறார். அத்தை பேஷாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை கதிரேசன் என் மேசைக்கு வந்து பேஜரையும் பட்டறைச் சாவியையும் வைத்தார். நின்றுவிடுகிறேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். விலாசம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. மன்னிச்சுக்கங்க என்று என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தேன். அழுகை வந்தது. அவர் நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"திருடன்னு பேரு வந்திருந்தா ஊரு மாறிப் பொழச்சுக்குவனுங்க" என்றார். "திருடனுக்கும் ஊடு குடுக்கறாங்க மேடம்."

குரலை உயர்த்தவில்லை. அதற்குமேல் நிற்கவும் இல்லை.

மூன்று மாதம் போனது. ரசாக்குக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கலாம், நான் கேட்டால் தெரியாது என்றார். இனி என்னிடம் யார்தான் சொல்வார்கள். முதலாளிதான் அவ்வப்போது கேட்பார். "அந்தப் பையன் எங்க சேந்திருக்கறான்னு தெரிஞ்சா சொல்லம்மா. கைவேலை தெரிஞ்ச ஆளு. கம்பெனிக்காரங்க எனக்குத் தெரிஞ்சவங்களாத்தான் இருப்பாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லி வெக்கறேன்." அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று சத்தியம் செய்வேன். அந்த ஒரு வார்த்தைக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நல்ல வேலைக்காரன், கை சுத்தம், ஆனால் பார்த்து எங்கே வைக்கணுமோ அங்கே வைங்க.

ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணிக்குப் போன் அடித்தது.

"மேடம், கதிரேசனுங்க."

"எங்கிருந்து பேசறீங்க?" என்று கேட்டுவிட்டேன். மாதக்கணக்காக அந்தப் போனில் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான், என்னை மீறி வந்துவிட்டது. மறுபக்கத்தில் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"மூணு வருச வேலைக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேணுமுங்க. மாசக் கடைசிக்குள்ள காட்டுனாத்தான் இங்க பர்மனென்ட் பண்ணுவாங்களாமுங்க. வாடகைக்கு ஊடு குடுக்கறவங்களும் அதத்தான் பாக்கோணுங்கறாங்க. ஒரு ஆள் அனுப்பறேன், அவருகிட்டக் குடுத்துருங்க."

"டைப் அடிச்சுக் கையெழுத்து வாங்கி வெக்கறனுங்க. இளவேனில் எப்படி இருக்கறாள்?"

"பள்ளிக்கூடம் போறாளுங்க" என்றார். அப்புறம், "பெட்டி இன்னும் இருக்குதுங்களா மேடம்?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மணி அடித்ததும் கண் அங்கே போய்த்தான் ரிசீவருக்குக் கை போகும், அப்படிப் பழக்கியிருந்தார்கள், அப்படிப் பழகியிருந்தேன். முதல் இரண்டு எண்கள் சூலூர்ப் பக்கம். மீதி எண்களையும் எனக்குத் தெரியும். ரசாக் அந்தப் பக்கம் போன் இல்லாத தோட்டத்துக்குப் போனால் பேசுகிற பூத் அது. எதிரில் ஒரே ஒரு பம்ப் கம்பெனிதான் இருக்கிறது. அதன் முதலாளியும் எங்கள் முதலாளியும் ஒரே கோயில் கமிட்டியில் இருந்தார்கள். பெட்டியை அணைத்துவிடலாம், ஒயரைப் பிடுங்கிவிடலாம். என் தலைக்குள் இருந்ததை என்ன செய்வது?

திரையில் இருந்த எண்ணை அழிக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அழிக்க வேண்டிய தேவை வந்ததும் இல்லை. ஒன்றை அழுத்தினேன், முந்தின எண் வந்தது. இன்னொன்றை அழுத்தினேன், அதற்கும் முந்தினது வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கிருபாசங்கர் எழுந்து வந்தார்.

"யாருங்கக்கா? திருச்சி டீலருங்களா? அவருக்காகத்தான் உக்காந்திருக்கறேன்."

"ராங் நம்பருங்க."

"ராங் நம்பர்கிட்டயா இவ்வளவு நேரம் பேசுனீங்க?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார். சந்தேகமெல்லாம் இல்லை, டீலர் கிடைக்காத எரிச்சல் மட்டும்தான். எல்லாப் பொத்தானும் அவருக்குத் தெரியும். ஒருமுறை அழுத்தினார், கடைசியாக வந்த எண் திரும்பி வந்து நின்றது. என் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, பேஜர் நோட்டின் காலியான பக்கத்தில் எண்ணை எழுதிக்கொண்டார்.

"இது எந்த ஏரியாங்கக்கா? உங்களுக்குத்தான் பாத்ததுமே தெரியுமே" என்று கேட்டுவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தில் பேனா முனையை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். முனை நின்ற இடத்தில் மை ஊறி, புள்ளி மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.